நரியின் பெரியப்பா

மருந்துக் குளிசை போட்டோமா என்று பார்க்கக் கண்ணாடியைத் தேடி, கண்ணாடி எங்கே என்று குளிசைப் பெட்டியைத் திறந்து பார்க்கிற என் வயதுக்காரர்களே, கொஞ்சம் இப்படி வந்து இருங்கள். ஒரு படத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நல்ல படமா, கூடாத படமா என்று கேட்டால் இரண்டும்தான். அதைப் பதினொரு தரம் பார்த்தவன் நான். பதினொரு தரம் பார்த்தும் முடிவைப் பார்க்காதவனும் நான்தான்.

முடிவைப் போன கிழமைதான் பார்த்தேன். பேத்தி தன் போனில் எதையெல்லாமோ தட்டிவிட்டு, "அம்மப்பா, மணிக்கூடு திருத்திறவன் ஓநாயாகிற படம் எண்டு சொல்லுவியளே, இதுவோ?" என்று நீட்டினாள். அதேதான். விசுக்கோத்து அளவு திரையில் அதே பனிப்புகார், அதே மரம், அதே மனிதன். அவன் வாயைத் திறந்து ஆங்கிலத்தில் கதைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாக அவன் என் மாமாவின் குரலில்தான் எனக்குள் கதைத்துக்கொண்டிருந்தான். இப்போது யாரோ ஒரு வெள்ளைக்காரன் அவன் வாய்க்குள் புகுந்து கெடுத்துவிட்டான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி வேலைக்காரர்களுக்கென்று தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது அங்கே ஒரு படம் காட்டும் மெசினையும், படச்சுருள் வைத்த மூன்று தகரப் பெட்டிகளையும் விட்டுப் போயிருந்தது. விட்டுப்போனதா, மறந்துபோனதா தெரியாது. படத்தைப் பார்த்தபிறகு, வேண்டுமென்றேதான் விட்டுப்போயிருப்பார்கள் என்று அப்பா சொல்வார்.

கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலம். மாமா அந்த மெசினைக் கழற்றி, எண்ணெய் விட்டு, எப்படியோ ஓட வைத்துவிட்டார். படம் வந்தது. சத்தம் வரவில்லை. சத்தத்துக்கென்று உள்ளே இருந்த சின்ன மின்குமிழ் எரிந்துபோயிருந்தது. அப்படி ஒரு குமிழ் கொழும்பிலும் இல்லையாம். அதனால் மாமா மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஏறி நின்று, கதையைத் தமிழில் சொன்னார். அவருடைய ஆங்கிலம் கிரேனோடு முடிந்துவிடும்: தூக்கு, இறக்கு, நிறுத்து. திரையில் வாய் அசைவதைப் பார்த்து அவரே ஒரு கதையை உண்டாக்கினார். நாங்கள் அதை மொழிபெயர்ப்பு என்று நம்பினோம்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் படம். யன்னல்களை, கப்பலில் சாமான் மூடுகிற படங்குத் துணிகளால் மறைப்பார்கள். அந்தப் படங்கின் வாசம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது: தார், பழைய கோதுமை, டீசல், கொஞ்சம் கருவாடு. படங்கில் இருந்த ஓட்டைகளால் வெயில் ஈர்க்கு ஈர்க்காக உள்ளே விழும். வாசலில் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருகிற கடலை நானா கூடையோடு இருப்பார். அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டு, செத்தல் மிளகாய். சரை சுற்றுகிற கடதாசி யாரோ ஒரு மாணவனின் கணக்குக் கொப்பி. பிழை போட்ட கணக்கில் கடலை கூடுதல் ருசி.

முதல் ஞாயிறே ஒரு சிக்கல். எங்கள் நாட்டில் ஓநாய் கிடையாது. மாமா யோசித்துப் பார்த்துவிட்டு, "இவனை நரி கடிச்சிட்டுது" என்றார்.

மண்டபம் சிரித்தது. நரியைத் தெரியாதவர் யார்? கோழிக் கள்ளன். பின்னால் இருந்த ஒருவர், "நரி கடிச்சதுக்கு ஏன் ஐசே இவ்வளவு கத்துறான்?" என்றார்.

மாமா விடவில்லை. "இது உங்கட ஊர் நரி இல்லை. இது நரியின்ர பெரியப்பா."

அந்தப் பருவம் முழுவதும் ஓநாய்க்கு எங்களிடையே அதுதான் பெயர்.

படத்தின் குறைகளை முதலில் சொல்கிறேன், அவை சுலபம். மணிக்கூட்டுக்காரன் ஓநாயாகும்போது கையெல்லாம் உரோமம், முகமெல்லாம் உரோமம், சேட்டின் கழுத்துப் பொத்தான் மட்டும் பூட்டினபடி. மாறும்போது வெறுங்கால்; காட்டுக்குள் ஓடும்போது சப்பாத்து. மிருகத்துக்குச் சப்பாத்துக் கயிறு யார் கட்டிவிட்டது என்று நானும் கூட்டாளிகளும் நெடுக விவாதித்தோம். காடு முழுவதுக்கும் ஒரே மரம். அவன் எங்கே ஓடினாலும் அந்த மரம் முன்னால் போய் நிற்கும். புகார் இடுப்புக்கு மேலே ஏறாது. நிலவுக்குக் குறுக்கே ஒரே முகில் நாலு தரம் ஒரே மாதிரிப் போகும். இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, பௌர்ணமியில் மாறுவது. இங்கே பௌர்ணமி என்றால் போயா, புத்தசமய விடுமுறை. இறைச்சிக்கடை பூட்டு, சாராயக்கடை பூட்டு, கந்தோரும் லீவு. இந்த நாட்டில் ஒருவன் ஓநாயானால் பட்டினி கிடந்து சாகவேண்டியதுதான்.

நல்லது என்றால் இரண்டு. ஒன்று, அவன் மாறுகிற காட்சி. கதிரைக் கையில் அவன் கையை வைத்திருப்பான். மணிக்கூட்டின் மயிரிழைக் கம்பியைப் பிடிக்கிற மெல்லிய விரல்கள். அந்தக் கையில் உரோமம் கரைந்து கரைந்து வரும், முகத்திலும் அப்படியே. அந்த நடிகன் எத்தனை மணித்தியாலம் ஆடாமல் இருந்திருப்பான் என்று இப்போது நினைக்கிறேன். ஐந்து நிமிடம் ஆடாமல் இருக்கச் சொன்னால் எனக்கு முதுகு கடிக்கிறது.

மற்றது, அடுத்த நாள் காலை. அவன் கட்டிலில் எழும்புவான். காலில் சேறு. அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தெருவுக்கு வந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பான், தான் என்ன செய்தான் என்று அந்த முகங்களில் தேடுவான். அந்தக் காட்சியில் எங்களுக்கு ஓநாய் இல்லை என்ற எரிச்சல். கடலை வாங்க எழும்பிப் போய்விடுவோம்.

மெசினில் படத்தைப் பின்னோக்கி ஓட்டுகிற ஒரு பிடி இருந்தது. மாமா எங்களுக்காக மாறுகிற காட்சியைத் திருப்பி ஓட்டிக் காட்டுவார். உரோமம் உள்ளே போகும், பல்லுக் குறுகும், மனிதன் வெளியே வருவான். "பாத்தியளே, சலூனுக்குப் போகாமலே சேவ் எடுத்திட்டான்" என்பார்.

மூன்றாவது தகரத்தை அவர் திறக்கவேயில்லை. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது, திறக்க ஏலாது என்றார். அதனால் முடிவையும் அவரே சொன்னார், ஞாயிறுக்கு ஒன்றாக. ஒரு ஞாயிறு அவனுக்குக் கலியாணம். ஒரு ஞாயிறு அவன் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து வெளிச்சவீட்டில் வேலைக்குச் சேர்ந்தான். உண்மையான முடிவில் அவனுடைய சொந்த அண்ணனே அவனைச் சுடுகிறான். போனில் அதைப் பார்த்த பிறகுதான் அந்த மூடியைப் பற்றி யோசித்தேன். பத்துத் தொன் சாமானைத் தூக்குகிற மனிதருக்கு ஒரு தகர மூடியைத் திறக்க ஏலாமல் போயிருக்குமா?

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுதான் இவ்வளவு நேரம் சப்பாத்தைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் அலட்டினேன்.

அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்குப் பத்து. அந்த வருடம்தான் அவளுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. இரண்டாவது தரம் பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். அதோடு அம்மா போகவிடாமல் மறித்துவிட்டார். "ஊர்ச்சனம் பாத்தால் நாளைக்கு ஆர் இவளைக் கட்டுறது?" பௌர்ணமியில்தான் இது வருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது நினைத்த நேரத்துக்கு வரும். போயாவுக்கு வந்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகத்தில் நின்றது. எனவே போயாவென்றால் அக்கா உள்ளறையில். யன்னலுக்குப் போர்வை. கையில் இரும்பு இருந்தால் வலிப்பு நிற்கும் என்று அலுமாரிச் சாவிக்கொத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார் அம்மா. வந்தால் உடனே விரலுக்குள் திணிப்பார்.

பத்தாவது ஞாயிறு, படம் முடிந்து வெளியே நிற்கும்போது கூட்டாளிகள் நான் சொன்ன பகிடிக்குச் சிரிக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், நான் சிரிப்பு வாங்காமல் வீட்டுக்குப் போகிற ஆளில்லை. சொன்னேன்: "எங்கட வீட்டிலயும் ஒண்டு இருக்கு. போயாவுக்குத்தான் கட்டி வைக்கிறம்."

சிரிக்கவில்லை. வாயைப் பிளந்தார்கள். அது சிரிப்பைவிட இனித்தது. ஒருவன் தன் கடலைச் சரையை முழுவதுமாக எனக்குத் தந்தான். கை எப்படி, பல்லு எப்படி என்று கேட்கக் கேட்க நான் அளந்தேன். மூன்றே நாளில், ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த எங்கள் வீட்டு வேலியைப் பிள்ளைகள் ஓடிக் கடக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி கிணற்றடியில் அக்காவைப் பார்த்துவிட்டு, குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அக்கா என்னைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டாள். குட்டு விழும் என்று தலையைப் பொத்திக்கொண்டு போனேன்.

"அந்தப் படத்தில அவனுக்கு என்ன நடக்குது?"

"உரோமம் வளரும்."

"முதல்ல எங்க?"

"கையில."

அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு வரேக்க நான் எப்பிடி இருப்பன்?"

நான் கோழிக்கூட்டைப் பார்த்தேன்.

"நீங்கள் எல்லாரும் பாக்கிறியள். நான் மட்டும் பாக்கேல்ல. எழும்பேக்க அம்மான்ர முகம்தான் தெரியும். அந்த முகத்தைப் பாத்தால், நான் என்னவோ ஆகித்தான் திரும்பி வந்திருக்கிறன் எண்டு விளங்குது. சொல்லன்ரா. நீ பாத்தனியெல்லே?"

நான் பார்த்ததேயில்லை, நண்பர்களே. அவள் விழுகிற சத்தம் கேட்டால் நான் முற்றத்துக்கு ஓடி, கோழிக்கூட்டுக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிடுவேன். ஊருக்கெல்லாம் அளந்தவன், ஒருநாளும் பார்க்காதவன்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போ," என்றாள். "நான் அவனைப் பாக்கவேணும்."

அடுத்த ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போனதும் நாங்கள் புறப்பட்டோம். அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி இரட்டைப் பின்னல் பின்னி, நாடா கட்டினாள். நாங்கள் முன் வரிசை வாங்கில் போய் இருந்ததும், அதில் இருந்த ஆறு பொடியன்கள் எழும்பிப் பின்னால் போனார்கள். நீளமான வாங்கில் நாங்கள் இரண்டு பேர். முன்பு எனக்குக் கடலை தந்தவன்தான் முதலில் எழும்பினான்.

கதிரையில் ஏறி நின்ற மாமா அக்காவைக் கண்டார். அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. அன்றைக்கு அவர் சொன்ன கதை முந்தின பத்துத் தரமும் சொன்ன கதையில்லை. நரியும் இல்லை, பெரியப்பாவும் இல்லை.

"இவன் நல்ல பிள்ளை," என்று தொடங்கினார். "இவனுக்கு ஒரு வருத்தம் இருக்கு. எங்களுக்குக் காய்ச்சல் வாற மாதிரி. அது வரும், போகும். போன பிறகு அவன் அவன்தான்."

பின்னால் ஒருவர், "எங்க ஐசே நரி?" என்றார். "வாயை மூடு," என்றார் மாமா. கதைக்குள்ளேயே, அதே குரலில்.

மாறுகிற காட்சி வந்தது. அக்கா வாங்கின் நுனிக்கு வந்துவிட்டாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் படபடத்தது. முடிந்ததும் திரும்பி, "மாமா, திருப்பி விடுங்கோ," என்றாள். மாமா திருப்பினார். உரோமம் உள்ளே போனது. "இன்னொருக்கா." மாமா முன்னுக்கு ஓட்டினார், பின்னுக்கு ஓட்டினார். அவள் கேட்கக் கேட்க, ஐந்து தரம், ஆறு தரம். தான் பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அவ்வளவு பொறுமை காட்டியதை நான் கண்டதில்லை.

ஏழாவது தரம் அக்கா "மா" என்று தொடங்கி, முடிக்காமல் வாங்கிலிருந்து சரிந்தாள்.

என் கால்கள் தமக்குத் தெரிந்ததைச் செய்தன. நான் வாசலில் நின்றேன். வாசல் முழுவதும் கடலை நானா.

"எங்க ஓடுறாய்? உன்ட அக்காதானே. போய்த் தலையப் புடி, நிலத்தில அடிபடுது!"

பிடரியில் கையை வைத்துத் தள்ளினார். நான் போய் இருந்து, அக்காவின் தலையை எடுத்து மடியில் வைத்தேன். ஓடுவதற்கு இனி இடமில்லை. பார்த்தேன்.

யாரோ படங்கை இழுத்துவிட, வெயில் உள்ளே விழுந்தது. அப்போதுதான் அந்தக் கூத்துத் தொடங்கியது. "இரும்பு! இரும்பு குடுங்கோ!" என்று ஒருவர் கத்தினார். துறைமுக வேலைக்காரரிடம் இரும்பு கேட்டால் குறையுமா? ஸ்பானர் வந்தது, பூட்டு வந்தது, கொழுக்கி வந்தது, சங்கிலித் துண்டு வந்தது. சைக்கிள் சாவி ஒன்றும் வந்தது. நானா தராசின் படிக்கல்லைக் கொண்டு ஓடிவந்தார். அக்காவின் விரல்களுக்குள் திணித்தது போக, மடியிலும் பக்கத்திலும் குவித்தார்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய இரும்புதான் வேலை செய்யும் என்று மற்றவருடையதைத் தள்ளிவிட்டு வைத்தார்கள். நாற்பது பேர், நாற்பது முகம், ஒருவரும் போகவில்லை.

மாமா ஓடிவந்த அவசரத்தில் மெசினை நிறுத்தினார், வெளிச்சத்தை நிறுத்தவில்லை. அசையாமல் நின்ற படம் வெந்து உருகி, மணிக்கூட்டுக்காரன் முகத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. பதினோராவது தரத்தோடு படம் முடிந்தது அப்படித்தான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று பின்னேரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை பிடித்தார். "நாற்பது பேர் பாத்தாச்சு. இனி ஆருக்கு ஒளிக்கிறாய், அக்கா?" திங்கட்கிழமை ஆசுபத்திரி. குளிசை. இரண்டு மாதத்தில் திரும்பப் பள்ளிக்கூடம். இரும்பும் ஒன்றும் செய்யாது, நிலவும் ஒன்றும் செய்யாது என்று ஆசுபத்திரி டொக்டர் அம்மாவுக்குச் சொன்னார்; அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சாவிக்கொத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். நெடுங்காலத்துக்குப் பிறகு இன்னொரு டொக்டர், படபடக்கிற வெளிச்சமே சிலருக்கு வலிப்பைக் கிளப்பிவிடும் என்று எனக்குச் சொன்னார். ஏழு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிய மாமா அப்போது உயிரோடுதான் இருந்தார். நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அக்கா இப்போது அன்புவழிபுரத்தில் இருக்கிறாள். கலியாணம், பிள்ளைகள், மூட்டு வலி எல்லாம் குறைவில்லாமல் உண்டு. என்னைக் கண்டால் இப்போதும் ஏச்சுத்தான்.

படத்தின் மிகப் பெரிய குறை சப்பாத்து என்றுதான் போன கிழமை வரை நினைத்திருந்தேன். முழுவதும் பார்த்தபிறகு வேறு ஒன்று தெரிந்தது. அந்த ஊரில் பந்தம் பிடிக்க ஆள் இருக்கிறது, துவக்குப் பிடிக்க ஆள் இருக்கிறது. அவன் மாறும்போது அவனுடைய தலையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. காலையில் அவன் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போகிறானே, ஒருவராவது அவனை மறித்து, நேற்று நீ இப்படி இருந்தாய் என்று சொல்வதில்லை.

அன்றைக்கு மண்டபத்தில், அக்காவின் உடம்பு மெதுவாக அடங்கியது. கண் திறந்தாள். வழக்கம்போல முதலில் முகங்களைத்தான் பார்த்தாள், இந்தத் தரம் நாற்பது. பிறகு தன் கையைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஆரின்ர?"

யாரோ ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமலே, என் மடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எப்பிடி இருந்தனான்?"

வாழ்நாளில் என் வாயில் பகிடி வராத நேரம் அது ஒன்றுதான்.

"பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தனி," என்றேன். "கண் மேல போச்சுது. காலும் கையும் அடிச்சுது. வாயில கொஞ்சம் நுரை. பாரம் தூக்கேக்க மாமான்ர ஆக்கள் முகத்தை வைச்சிருப்பினமே, அப்பிடி இருந்தது."

"முகம் மாறேல்லையே?"

"இல்லை. உன்ர முகம்தான். நான் முழுக்கப் பாத்தனான், அக்கா."

"பல்லு?"

"உன்ர பல்லுத்தான். முன்னுக்கு நிக்கிற மிதப்பல்லு."

அக்கா நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்தாள்.

"அவ்வளவுதானோ?" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

பிறகு கையை ஊன்றி எழும்பி இருந்தாள். நாடா அவிழ்ந்து கிடந்தது. ஆட்கள் கொஞ்சம் விலக, வாங்கைவிட்டு முதலில் எழும்பிப் போன அந்தப் பொடியன் முன்னால் வந்து நின்றான். அவனுடைய தகப்பன் பின்னாலிருந்து, "போய்க் கேளன்ரா, கடிக்க மாட்டா," என்று தள்ளினார்.

"அக்கா, அந்த ஸ்பானர் எங்கட அப்பான்ர."

அக்கா அதை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். ஸ்பானரில் அவளுடைய கையின் ஈரம் இருந்திருக்க வேண்டும். அவன் அதைத் துடைக்கவில்லை.

"பூட்டு ஆரின்ர?" என்று அக்கா அடுத்ததை எடுத்தாள். பொடியன்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.